உங்களுக்குத் தெரியுமா? இனவெறி அரியணை ஏறிய கதைகளும் நிஜங்களும்

'இப்படி நடந்திருந்தால்?' என்ற ஒற்றைக் கேள்வியில் முளைப்பவை மாற்று வரலாற்று நாவல்கள். அந்த எழுத்தாளர்களை விடாமல் துரத்தும் கற்பனை ஒன்று உண்டு: ஓர் இனவெறி இயக்கம் நாட்டையே கைப்பற்றிவிட்டால்? கதையில் அதற்குப் போரும் சதியும் கொலையும் தேவைப்படுகின்றன. நிஜத்தில் சிறுபான்மை ஓட்டுகளே போதுமானதாக இருந்திருக்கின்றன. ஏறியதை இறக்கத்தான் அரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது. நாவல்களிலிருந்தும் வரலாற்றிலிருந்தும் பொறுக்கிய துணுக்குகள் இதோ.

ஆடிய நாற்காலி

1933 பிப்ரவரி 15, மயாமி நகரப் பூங்கா. திறந்த காரில் அமர்ந்தபடியே பேசி முடித்தார் ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட். அதிபர் பதவியேற்க இன்னும் 17 நாட்கள். கூட்டத்தில் ஜியூசெப்பே ஸங்காரா என்ற கொத்தனார், எட்டு டாலருக்கு வாங்கிய கைத்துப்பாக்கியோடு நின்றார். உயரம் ஐந்தடி. முன்னால் நின்றவர்களின் தலை மறைத்ததால் ஒரு நாற்காலியின் மேல் ஏறினார். நாற்காலி ஆடியது. பக்கத்தில் இருந்த பெண்மணி ஒருவர் அவர் கையைத் தட்டிவிட்டார். குண்டுகள் ஐந்து பேரைத் தாக்கின. ரூஸ்வெல்ட் மேல் ஒன்றும் படவில்லை. சிகாகோ மேயர் ஆண்டன் செர்மாக் காயம் ஆறாமலே மார்ச் மாதம் இறந்தார்.

குறி தப்பாத உலகம்

ஸங்காராவின் குறி தப்பவில்லை என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டதுதான் ஃபிலிப் கே. டிக்கின் 'தி மேன் இன் தி ஹை காஸில்' (1962). ரூஸ்வெல்ட் இல்லாத அமெரிக்கா போரில் தோற்கிறது. கிழக்குக் கரை ஜெர்மனிக்கு, மேற்குக் கரை ஜப்பானுக்கு. அந்த நாவலுக்குள் இன்னொரு நாவல் வருகிறது: ஜெர்மனியும் ஜப்பானும் தோற்றுப்போன உலகைப் பற்றி ஒருவர் எழுதிய கதை! நாஜிகள் அதைத் தடை செய்திருக்கிறார்கள். 1963-ல் ஹியூகோ விருது பெற்ற புத்தகம் இது.

வெள்ளை மாளிகையில் விமானி

1927-ல் தனியாளாக அட்லாண்டிக்கைத் தாண்டிப் பறந்தவர் சார்லஸ் லிண்ட்பெர்க். 1938-ல் பெர்லினில் நாஜித் தலைவர் ஹெர்மன் கோரிங் கையால் ஜெர்மன் கழுகுப் பதக்கம் வாங்கியவரும் அவரேதான். 1941 செப்டம்பர் 11 அன்று டி மாய்ன் நகரில் பேசும்போது, நாட்டைப் போருக்குத் தள்ளுபவர்கள் என்று மூன்று தரப்பைக் குற்றம் சாட்டினார்: பிரிட்டிஷார், யூதர்கள், ரூஸ்வெல்ட் அரசு.

இவரை 1940 தேர்தலில் நிறுத்தலாமா என்று குடியரசுக் கட்சியில் சிலர் யோசித்ததாக வரலாற்றாசிரியர் ஆர்தர் ஷ்லெஸிங்கரின் சுயசரிதையில் ஒரு வரி வருகிறது. அதைப் படித்த ஃபிலிப் ராத், 'நிறுத்தியிருந்தால்?' என்று கேட்டுக்கொண்டு எழுதியதே 'தி பிளாட் அகெய்ன்ஸ்ட் அமெரிக்கா' (2004). கதை நடப்பது நியூவர்க்கின் ஒரு யூதக் குடும்பத்தில். அந்தக் குடும்பத்துக்கு ராத் வைத்த பெயரும் ராத் குடும்பம்தான்.

ஒரே இரவில் 21 மேடைகள்

அமெரிக்காவில் ஒரு சர்வாதிகாரி ஓட்டு வாங்கியே அதிபராவதாக 1935-ல் எழுதினார் நோபல் பரிசு பெற்ற சின்க்ளேர் லூயிஸ். நாவலின் பெயர் 'இட் கான்ட் ஹேப்பன் ஹியர்'. எம்.ஜி.எம். நிறுவனம் படமாக்க உரிமை வாங்கி, திரைக்கதையும் எழுத வைத்து, கடைசியில் கைவிட்டது. நாடகக்காரர்கள் விடவில்லை. 1936 அக்டோபர் 27 அன்று, அரசு நிதியில் நடந்த ஃபெடரல் தியேட்டர் திட்டம் இந்தக் கதையை நாடெங்கும் 21 மேடைகளில் ஒரே இரவில் அரங்கேற்றியது. யூதர்களின் யித்திஷ் மொழியிலும் ஸ்பானிஷிலும்கூட நடித்தார்கள். அதிபர் தேர்தலுக்கு அப்போது ஒரு வாரம் இருந்தது.

முகமூடி எழுத்தாளர்

நாஜிகள் ஆளத் தொடங்கி 700 ஆண்டுகள் ஆகிவிட்டன, ஹிட்லர் கடவுளாகிவிட்டார், பெண்கள் தொழுவத்து மாடுகளாக அடைக்கப்பட்டிருக்கிறார்கள். இது 'ஸ்வஸ்திகா நைட்' நாவல். வெளிவந்த ஆண்டு 1937, அதாவது உலகப்போர் தொடங்குவதற்கு முன்பே! அட்டையில் இருந்த பெயர் மர்ரே கான்ஸ்டன்டைன். அது கேதரின் பர்டெகின் என்ற ஆங்கிலேயப் பெண்ணின் புனைபெயர் என்று வாசகர்களுக்குத் தெரிந்தது 1980-களில்தான். அதற்குள் அவர் இறந்து இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன.

வேஷம் போடாத நடிகர்கள்

இங்கிலாந்தை ஜெர்மனி பிடித்திருந்தால்? கெவின் பிரவுன்லோ, ஆண்ட்ரூ மொல்லோ என்ற இரு பையன்கள் இந்தக் கதையைப் படமாக எடுக்கத் தொடங்கியபோது ஒருவருக்கு வயது 18, மற்றவருக்கு 16. 'இட் ஹேப்பன்ட் ஹியர்' முடிய எட்டு ஆண்டுகள் ஆயின. ஒரு காட்சியில் பிரிட்டிஷ் பாசிஸ்டுகளாக வந்து யூத வெறுப்பைப் பேசுபவர்கள் நடிகர்கள் அல்ல, அசல் பாசிஸ்டுகள். எதிர்ப்பு கிளம்பியதால் விநியோக நிறுவனம் அந்தக் காட்சியை வெட்டியது. பல ஆண்டுகள் கழித்தே அது மீண்டும் சேர்க்கப்பட்டது.

வாஷிங்டனுக்குப் பக்கத்தில் ஸ்வஸ்திகா

1939 பிப்ரவரி 20, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம். உள்ளே சுமார் 20,000 பேர். மேடையில் பல மாடி உயரத்துக்கு ஜார்ஜ் வாஷிங்டன் படம். இரு புறமும் அமெரிக்கக் கொடியும் ஸ்வஸ்திகாவும். நடத்தியது ஜெர்மன் அமெரிக்கன் பண்ட் என்ற நாஜி ஆதரவு அமைப்பு. தலைவர் ஃபிரிட்ஸ் கூன் பேசிக்கொண்டிருக்கும்போது, ஐசடோர் கிரீன்பாம் என்ற 26 வயது புரூக்ளின் பிளம்பர் மேடைக்குப் பாய்ந்தார். சீருடைக் காவலர்கள் அவரைத் தரையில் போட்டு மிதித்தார்கள். போலீஸ் தூக்கி வெளியே கொண்டுபோனபோது அவருடைய கால்சட்டை கழன்றிருந்தது. நீதிமன்றம் 25 டாலர் அபராதம் விதித்தது, கிரீன்பாமுக்கு!

அதே ஆண்டின் முடிவில் கூனும் சிறைக்குப் போனார். இனவெறிக்காக அல்ல. சொந்த அமைப்பின் பணத்தைக் கையாடியதற்காக.

சிரித்த பத்திரிகையாளர்

அந்தக் கூட்டத்தில் பத்திரிகையாளர் வரிசையில் உட்கார்ந்து, பேச்சைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தார் ஒரு பெண். டாரதி தாம்ப்ஸன். வெளியே அனுப்பினார்கள்; திரும்பி வந்து உட்கார்ந்தார். சின்க்ளேர் லூயிஸின் மனைவி இவர். 1931-ல் ஹிட்லரை நேரில் பேட்டி கண்டு, இவர் ஒன்றுமில்லாத ஆள் என்று எடைபோட்டவரும் இவரே. அந்த 'ஒன்றுமில்லாத ஆள்' 1934-ல் இவரை ஜெர்மனியை விட்டு வெளியேற்றினார்.

நாடில்லாத தேசபக்தர்

தூய ஜெர்மன் ரத்தம் பற்றி மேடைதோறும் முழங்கிய ஹிட்லர், ஏழு ஆண்டுகள் எந்த நாட்டுக் குடிமகனாகவும் இல்லை. 1925-ல் ஆஸ்திரியக் குடியுரிமையைக் கைவிட்டார். ஜெர்மன் குடியுரிமை கிடைக்கவில்லை. அது இல்லாமல் அதிபர் தேர்தலில் நிற்க முடியாது. பிரவுன்ஷ்வைக் மாநிலத்தில் நாஜிக் கட்சி அமைச்சர் ஒருவர் இருந்தார். 1932 பிப்ரவரியில் அந்த மாநிலத்தின் பெர்லின் அலுவலகத்தில் ஹிட்லருக்கு ஓர் அரசு வேலை போட்டுக் கொடுத்தார்கள். அரசு ஊழியர் ஆனதும் குடியுரிமை தானாக வந்துவிட்டது. கட்டுக்காவல் இல்லாத ஒரு மாநிலக் கதவு போதுமானதாக இருந்தது.

கோலிக்குண்டும் கல்யாணமும்

1936 அக்டோபர் 4, லண்டன் கேபிள் தெரு. பிரிட்டிஷ் பாசிஸ்ட் தலைவர் ஆஸ்வால்ட் மோஸ்லியின் கருஞ்சட்டையினர் யூதர்கள் வாழும் கிழக்கு லண்டன் வழியாக ஊர்வலம் போக வந்தார்கள். பாதுகாப்புக்கு ஆயிரக்கணக்கில் போலீஸ். யூதர்கள், ஐரிஷ் துறைமுகத் தொழிலாளிகள், கம்யூனிஸ்டுகள் தெருவை அடைத்தார்கள். போலீஸ் குதிரைகளின் குளம்புக்கடியில் கோலிக்குண்டுகளை உருட்டிவிட்டார்கள். மாடியிலிருந்து பெண்கள் சிறுநீர்ச் சட்டிகளைக் கவிழ்த்தார்கள். ஊர்வலம் நின்றது.

இரண்டே நாளில், அக்டோபர் 6 அன்று, மோஸ்லி பெர்லினில் மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றார். கல்யாணம் நடந்தது நாஜிப் பிரசார அமைச்சர் கோயபல்ஸின் வீட்டில். விருந்தாளிகளில் ஒருவர் ஹிட்லர்.

தலைக்குப் பத்து டாலர்

அமெரிக்காவின் கூ க்ளக்ஸ் க்ளான் உள்நாட்டுப் போருக்குப் பின் தோன்றி, அரசால் ஒடுக்கப்பட்ட வெள்ளை இனவெறி அமைப்பு. 1915-ல், 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' படம் க்ளானை வீரர்களாகக் காட்டிய அதே ஆண்டில், வில்லியம் சிம்மன்ஸ் அதற்கு மறுஉயிர் கொடுத்தார். ஐந்து ஆண்டுகளில் சேர்ந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். 1920-ல் எட்வர்ட் கிளார்க், எலிசபெத் டைலர் என்ற இரு விளம்பர முகவர்களை அமர்த்தினார். உறுப்பினர் கட்டணம் 10 டாலர். ஆள் பிடித்துத் தருபவருக்கு அதில் 4 டாலர் கமிஷன். வெள்ளை அங்கியை க்ளானிடமே காசு கொடுத்து வாங்க வேண்டும். இப்படித்தான் 1920-களின் நடுவில் உறுப்பினர் எண்ணிக்கை பல லட்சங்களைத் தாண்டியது. குறைவாக மதிப்பிடுபவர்களே 20 லட்சம் என்கிறார்கள்.

ஒற்றை ஓட்டு

1924-ல் ஜனநாயகக் கட்சியின் மாநாடு நியூயார்க்கில் கூடியது. க்ளானைப் பெயர் சொல்லிக் கண்டிக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டுகளில், ஏறத்தாழ ஒரே ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் தோற்றது. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க 103 சுற்று வாக்கெடுப்பு தேவைப்பட்டது. அமெரிக்கக் கட்சிகளின் வரலாற்றில் இதுவே சாதனை. இத்தனை கூத்தையும் ரேடியோவில் நாடே கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் தேர்வான ஜான் டேவிஸ் நவம்பரில் படுதோல்வி அடைந்தார்.

முகமூடியில்லாத ஊர்வலம்

1925 ஆகஸ்ட் 8. வாஷிங்டனின் பென்சில்வேனியா அவென்யூவில் 30,000 க்ளான் உறுப்பினர்கள் வெள்ளை அங்கியில் அணிவகுத்தார்கள். பெண்களும் வந்திருந்தார்கள். பழைய படங்களைப் பாருங்கள்: முகமூடி கிடையாது.

இந்தியானாவின் சட்டம்

க்ளான் ஒரு மாநில அரசை ஏறக்குறைய விழுங்கிய இடம் இந்தியானா. நிலக்கரி வியாபாரம் செய்துகொண்டிருந்த டி.சி. ஸ்டீஃபன்ஸன் அங்கே க்ளானின் தலைவர். உறுப்பினர்கள் சுமார் இரண்டரை லட்சம். 1924 தேர்தலில் அவர் ஆதரவு பெற்ற எட் ஜாக்ஸன் ஆளுநரானார். சட்டமன்றத்திலும் நகராட்சிகளிலும் அவர் ஆட்கள். இந்தியானாவில் சட்டம் என்றால் நான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர் ஸ்டீஃபன்ஸன். அடுத்து செனட், அதற்கடுத்து வெள்ளை மாளிகை என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததாகச் சொல்வார்கள்.

1925 மார்ச்சில் மேட்ஜ் ஓபர்ஹோல்ட்ஸர் என்ற அரசு ஊழியரை அவர் கடத்தி, ரயில் பெட்டியில் வைத்துக் கொடூரமாகத் தாக்கினார். அந்தப் பெண் விஷம் குடித்தார். மருத்துவரிடம் கொண்டுபோகாமல் இழுத்தடித்தார்கள். ஏப்ரலில் அவர் இறந்தார். ஆனால் அதற்கு முன், நடந்தது முழுவதையும் படுக்கையில் இருந்தபடி சொல்லிக் கையெழுத்திட்டிருந்தார். அந்த மரண வாக்குமூலத்தை நடுவர் குழு நம்பியது. ஸ்டீஃபன்ஸனுக்கு ஆயுள் தண்டனை.

ஆளுநர் மன்னித்து விடுவார் என்று காத்திருந்தார். மன்னிப்பு வரவில்லை. கோபத்தில், யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தேன் என்ற கணக்குகளை வெளியே விட்டார். இண்டியானாபொலிஸ் மேயர் சிறைக்குப் போனார். ஆளுநர் ஜாக்ஸன் வழக்குக் காலாவதியானதால் தப்பினார். ஊழலைத் தோண்டிய 'இண்டியானாபொலிஸ் டைம்ஸ்' நாளிதழுக்கு 1928-ல் புலிட்சர் பரிசு. பெண்களின் மானம் காக்க வந்தவர்கள் நாங்கள் என்று சொல்லி ஆள் சேர்த்த க்ளான், இந்த வழக்குக்குப் பிறகு மளமளவென்று உறுப்பினர்களை இழந்தது.

10 - 8

1925 ஜூன் 21. கேன்ஸஸ் மாநிலத்தின் விச்சிட்டாவில் ஒரு பேஸ்பால் ஆட்டம். ஒரு பக்கம் க்ளானின் உள்ளூர் அணி. எதிர்ப்பக்கம் கறுப்பின வீரர்களின் மன்ரோவியன்ஸ் அணி. நடுவர்களாகக் கத்தோலிக்கர்களைப் போட்டார்கள். க்ளானுக்கு அவர்களையும் பிடிக்காது என்பதால் இரு பக்கமும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு. மன்ரோவியன்ஸ் 10-க்கு 8 என்று ஜெயித்தது.

மாளிகை கோயிலான கதை

அட்லாண்டாவின் பீச்ட்ரீ சாலையில் க்ளானுக்கு ஒரு தலைமை மாளிகை இருந்தது. கடன் கழுத்தை நெரிக்க, அது கைமாறியது. கடைசியில் அந்த இடத்தை வாங்கியது க்ளான் பரம எதிரியாகக் கருதிய கத்தோலிக்கத் திருச்சபை. அங்கே எழுந்த கிறிஸ்து அரசர் பேராலயம் 1939-ல் அர்ச்சிக்கப்பட்டபோது அழைப்பை ஏற்று வந்து உட்கார்ந்திருந்தவர், க்ளானின் அப்போதைய தலைவரான பல் மருத்துவர் ஹைரம் எவன்ஸ்.

வரி பாக்கி

க்ளானின் தேசிய அமைப்பைக் கலைத்தது 1944-ல் வந்த வருமான வரி நோட்டீஸ். 1920-களில் சம்பாதித்ததற்கு வரி பாக்கி 6,85,000 டாலருக்கு மேல் என்றது அரசு. கட்ட வழியில்லை. கடையைக் கட்டினார்கள். பின்னர் துண்டு துண்டாக முளைத்த க்ளான் குழுக்கள் வேறு. நாடு தழுவிய அந்தப் பழைய அமைப்பு திரும்ப வரவில்லை.

சூப்பர்மேன் எதிரி

1946-ல் சூப்பர்மேன் ரேடியோ தொடரில் 16 பகுதிகள் ஓடிய கதை ஒன்றில், முக்காடு போட்ட இனவெறிக் கும்பல் ஒரு சீன அமெரிக்கக் குடும்பத்தைக் குறிவைக்கிறது. பேஸ்பாலில் நன்றாகப் பந்து வீசுகிறான் என்பதுதான் அந்த வீட்டுப் பையன் செய்த குற்றம். பெயரை மட்டும் கொஞ்சம் மாற்றியிருந்தார்கள். அது எந்தக் கும்பல் என்று, கதை கேட்ட குழந்தைகளுக்கே புரிந்தது.

நீதிபதியின் பழைய அங்கி

1937-ல் ரூஸ்வெல்ட் உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்த ஹ்யூகோ பிளாக், முன்னாள் க்ளான் உறுப்பினர். பதவி உறுதியான பிறகே அதை அம்பலப்படுத்தினார் பிட்ஸ்பர்க் நிருபர் ரே ஸ்ப்ரிக்ல். அதற்காக அவருக்குப் புலிட்சர் பரிசு. பிளாக் ரேடியோவில் விளக்கம் கொடுத்துவிட்டு 34 ஆண்டுகள் பதவியில் இருந்தார். 1954-ல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்த ஒன்பது பேரில் அவரும் ஒருவர்.

கவிழ்க்கப்பட்ட நகராட்சி

நாவலாசிரியர்கள் கற்பனை செய்வதற்கு வெகுகாலம் முன்பே, 1898 நவம்பர் 10 அன்று, வட கரோலினாவின் வில்மிங்டன் நகரில் அது நடந்தது. கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து நடத்திய, மக்கள் தேர்ந்தெடுத்த நகராட்சியை ஆயுதம் ஏந்திய வெள்ளைக் கும்பல் துப்பாக்கி முனையில் ராஜினாமா செய்ய வைத்தது. கறுப்பர்களின் 'டெய்லி ரெக்கார்ட்' பத்திரிகை அலுவலகத்தைக் கொளுத்திவிட்டு, எரிந்த கட்டடத்தின் முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கும்பலின் தலைவர் ஆல்ஃப்ரட் வாடெல் அன்றே மேயர். கறுப்பர்கள் பலர் கொல்லப்பட்டார்கள்; தண்டனை யாருக்கும் இல்லை. பள்ளிப் பாடங்களில் நெடுங்காலம் இது 'இனக் கலவரம்' என்றே இருந்தது.

பாமரனின் அளவுகோல்

முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர் பஞ்சாபியான பகத் சிங் திந்த். குடியேறியவர்களில் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டுமே குடியுரிமை என்ற சட்டம் இருந்த காலம். 1922 நவம்பரில் டகாவ் ஓஸாவா என்ற ஜப்பானியரின் வழக்கில், வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தவர் என்றது உச்ச நீதிமன்றம். மானுடவியல் நூல்கள் இந்தியர்களையும் காக்கேசியர் என்றுதானே சொல்கின்றன என்று கேட்டார் திந்த். மூன்றே மாதத்தில், 1923 பிப்ரவரியில், நூல் என்ன சொன்னால் என்ன, சாதாரண வெள்ளைக்காரர் பார்வையில் நீங்கள் வெள்ளையர் இல்லை என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு தீர்ப்பையும் எழுதியவர் ஒரே நீதிபதி, ஜார்ஜ் சதர்லாண்ட்! ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அதைப் பிடுங்கினார்கள். திந்துக்கு முன்னாள் படைவீரர் என்ற வகையில் 1936-ல்தான் கிடைத்தது.

அதிபர் தேவைப்படவில்லை

க்ளான் ஆள் யாரும் வெள்ளை மாளிகையில் உட்காரவில்லை. ஆனால் க்ளான் உரக்கக் கேட்ட குடியேற்றத் தடைச் சட்டம் 1924 மே 26 அன்று கையெழுத்தானது. ஆசியர்களுக்குக் கதவு அடைப்பு. ஐரோப்பியர்களுக்கு நாடுவாரியாக ஒதுக்கீடு. கணக்குக்கு எடுத்துக்கொண்டதோ 34 ஆண்டுகள் பழைய 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. காரணம் எளிது: இத்தாலியர்களும் யூதர்களும் பெருமளவில் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான். இந்த ஒதுக்கீடு இருந்ததால், 1939-ல் 900-க்கும் மேற்பட்ட யூத அகதிகளோடு வந்த செயின்ட் லூயிஸ் கப்பல், மயாமியின் விளக்குகள் தெரியும் தூரம் வரை வந்து திரும்பிப் போனது. பயணிகளில் 254 பேர் பின்னர் நாஜிகளின் கையில் மாண்டார்கள்.

பாடம் படித்த நாஜிகள்

1934 ஜூன் 5 அன்று பெர்லினில் நாஜிச் சட்ட வல்லுநர்கள் கூடி இனச் சட்டங்களைப் பற்றி விவாதித்தார்கள். முன்மாதிரியாக அவர்கள் மேசையில் விரித்துவைத்தது அமெரிக்க மாநிலங்களின் கலப்புமணத் தடைச் சட்டங்களை. ஆர்கன்ஸா பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பிய ஹைன்ரிக் க்ரீகர் என்ற இளைஞர் அவற்றைத் திரட்டிக் கொடுத்திருந்தார். ஒரு துளி கறுப்பு ரத்தம் இருந்தாலும் கறுப்பரே என்ற அமெரிக்க விதி, அவர்களில் சிலருக்கே கடுமையாகத் தோன்றியது.

224 ஓட்டு

இனி கற்பனையே தேவைப்படாத நாடு. தென்னாப்பிரிக்காவில் 1948 மே 26 அன்று தேர்தல். 24 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கச் சட்டம் கையெழுத்தான அதே தேதி. பெரும்பான்மைக் கறுப்பர்களுக்கு ஓட்டில்லை. டேனியல் மலானின் தேசியக் கட்சி 'அபார்ட்ஹைட்' என்ற கோஷத்தோடு நின்றது. ஆளுங்கட்சியான ஐக்கியக் கட்சிக்கு 49 சதவீதம் ஓட்டு. மலான் கட்சிக்கு 38 சதவீதம்கூட இல்லை. ஆனால் கிராமப்புறத் தொகுதிகளில் குறைந்த வாக்காளர்களே போதும் என்று எல்லை வகுத்திருந்ததால், மலான் கூட்டணி 79 இடங்களைப் பிடித்தது; எதிரணிக்கு 71. பிரதமர் யான் ஸ்மட்ஸ் தன் சொந்தத் தொகுதியான ஸ்டாண்டர்டனிலேயே 224 ஓட்டில் தோற்றார்.

ஸ்மட்ஸ் ஒன்றும் சமத்துவவாதி அல்ல. இந்தியர்கள் நிலம் வாங்குவதைத் தடுத்த 1946 'கெட்டோ சட்டம்' அவர் அரசு போட்டதுதான். ஆனாலும் அடுத்த இரண்டு ஆண்டுகளில் வந்த சட்டங்களின் வேகம் வேறு: 1949-ல் கலப்புமணத் தடை, 1950-ல் ஒவ்வொருவரையும் இனவாரியாகப் பதியும் சட்டம், அதே ஆண்டில் எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்ற சட்டம். அதன்படி டர்பனின் கேட்டோ மேனரில் தோட்டமும் கோயிலுமாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களைக் கிளப்பி, சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள்.

பென்சில் சோதனை

வெள்ளையரா, கலப்பினத்தவரா என்ற சந்தேகம் வந்தால் அதிகாரி தலைமுடிக்குள் ஒரு பென்சிலைச் செருகுவார். பென்சில் வழுக்கி விழுந்தால் ஓர் இனம். சுருள்முடியில் சிக்கி நின்றால் இன்னோர் இனம். ஒரே வீட்டுப் பிள்ளைகள் வேறு வேறு இனமாகப் பதிவான கொடுமையும் நடந்தது. 1966-ல் வெள்ளைப் பெற்றோருக்குப் பிறந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தியை, நிறம் கறுப்பு என்று போலீஸ் துணையோடு பள்ளியிலிருந்து வெளியேற்றினார்கள்.

முகாமிலிருந்து பிரதமர் நாற்காலிக்கு

இரண்டாம் உலகப்போரின்போது நாஜி ஆதரவு அமைப்பான ஒஸ்ஸவாபிராண்ட்வாக்கில் இருந்ததற்காகத் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டவர் ஜான் ஃபோர்ஸ்டர். 1966-ல் அவர் தென்னாப்பிரிக்கப் பிரதமர்.

சுதந்திரத்துக்கு முன்பே முதல் அடி

தென்னாப்பிரிக்காவுடன் வர்த்தகத்தை முதலில் துண்டித்த நாடு இந்தியா. ஆண்டு 1946, நம் கொடியே இன்னும் ஏறவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், ஐ.நா. பொதுச்சபையில் அங்குள்ள இந்தியர்களை நடத்தும் விதம் பற்றிய தீர்மானத்தை விஜயலட்சுமி பண்டிட் தலைமையிலான குழு நிறைவேற்றிக் காட்டியது. எதிர்வரிசையில் இருந்தவர் ஸ்மட்ஸ். ஐ.நா. சாசனத்தின் முகவுரையை முதலில் வரைந்து கொடுத்தவரே அவர்தான்!

கைதி எண் 885/63

காந்தியோடு தென்னாப்பிரிக்காவில் சத்தியாகிரகம் செய்த தம்பி நாயுடு, ஜோஹன்னஸ்பர்க்கின் தமிழ் பெனிபிட் சொசைட்டியின் தலைவராக இருந்தவர். பலமுறை சிறை சென்றார். அவருடைய பேரன் இந்த்ரஸ் நாயுடு 1963-ல் பிடிபட்டார். ராபன் தீவுச் சிறையில் பத்து ஆண்டு. கைதி எண் 885/63. விடுதலையான பின் அந்தத் தீவு வாழ்க்கையைப் புத்தகமாகவும் எழுதினார். தாத்தா காலத்தில் தொடங்கிய சிறைவாசம் பேரன் காலத்திலும் தொடர்ந்தது என்பதிலிருந்தே வெள்ளையர் ஆட்சியின் ஆயுளைக் கணக்கிடலாம்.

ஏ.கே.47 ஏந்திய தளபதி

பைசாந்தியப் பேரரசு பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கிய ஹாரி டர்டில்டவ், 1992-ல் எழுதிய நாவல் 'தி கன்ஸ் ஆஃப் தி சவுத்'. தென்னாப்பிரிக்காவின் ஏ.டபிள்யூ.பி. என்ற வெள்ளை வெறி அமைப்பினர் காலயந்திரத்தில் 1864-க்குப் போய், அடிமைமுறைக்காகப் போராடும் தளபதி ராபர்ட் லீயிடம் ஏ.கே.47 துப்பாக்கிகளைக் கொடுக்கிறார்கள். தெற்கு ஜெயித்துவிடுகிறது. ஏ.டபிள்யூ.பி. கற்பனை அல்ல. நாவல் வந்த மறு ஆண்டு, 1993 ஜூன் 25 அன்று, ஜோஹன்னஸ்பர்க் அருகே கெம்ப்டன் பார்க்கில் ஜனநாயகப் பேச்சுவார்த்தை நடந்த கட்டடத்தின் கண்ணாடி முகப்பை அந்த அமைப்பினர் கவச வண்டியால் மோதி உடைத்து உள்ளே புகுந்தார்கள். பேச்சுவார்த்தை நிற்கவில்லை. 1994 ஏப்ரலில் எல்லா நிறத்தவரும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். 224 ஓட்டில் பிரதமர் தோற்ற அந்த நாளிலிருந்து 46 ஆண்டுகள்.

காத்திருந்த எம்.பி.

அமெரிக்காவின் 1924 குடியேற்றச் சட்டத்தை எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர், புரூக்ளினிலிருந்து பிரதிநிதிகள் சபைக்கு வந்த புது உறுப்பினர் இமானுவல் செல்லர். அவை கேட்கவில்லை. செல்லர் பதவியை விடவும் இல்லை. 1946-ல் இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்ற சிறு கதவைத் திறந்துவிட்ட சட்டத்தில் அவர் பெயர் இருந்தது. 1965-ல் நாடுவாரி ஒதுக்கீட்டையே ஒழித்த சட்டத்திலும் அவர் பெயர்தான். நியூஜெர்ஸியிலும் டெக்ஸஸிலும் இன்று தமிழ்ச் சங்கம் நடத்துபவர்களின் பெற்றோரோ அவர்களோ விமானம் ஏற முடிந்தது இந்தச் சட்டத்தால். ஒரு வெறுப்புச் சட்டத்தை நீக்க, ஒரே மனிதர் 41 ஆண்டுகள் அதே அவையில் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு ஒவ்வொரு முறையும் அவரை ஜெயிக்க வைத்தவர்கள் புரூக்ளின் வாக்காளர்கள்.